கடனில் வளர்ந்த கடைகள்: கிஷோர் பியானியின் வாழ்க்கை தரும் பாடம்

நோன்புப் பெருநாள் நெருங்கினால் தேவாரத்துக் குடும்பங்கள் துணி எடுக்க போடிக்கும் கம்பத்துக்கும் தேனிக்கும் போகின்றன. ஏலத்தோட்டக் கூலியில் மிச்சம் பிடித்த பணம் துணிக்கடைக் கல்லாவில் சேர்கிறது. அந்தக் கூட்டத்தைப் பார்த்து நம் பிள்ளைகள் சிலருக்கும் கடை வைக்க ஆசை வருகிறது. நல்ல ஆசைதான். ஆனால் முதலுக்கு என்ன வழி என்று கேட்டால், வட்டிக்கு வாங்கலாம் என்கிறார்கள். அவர்களுக்காகவே கிஷோர் பியானியின் கதையை இங்கே பார்க்கிறோம்.

மும்பையில் துணி வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர் பியானி. 1987-இல் ஆண்களுக்கான பேன்ட் தயாரிக்கும் சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். 1997-இல் கொல்கத்தாவில் பேண்டலூன்ஸ் என்ற பெரிய துணிக்கடையைத் திறந்தார். 2001-இல் பிக் பஜார் வந்தது. சென்னை தி.நகர் சரவணா ஸ்டோர்ஸில் அலைமோதிய கூட்டமே அதற்குத் தூண்டுதல் என்று அவரே சொல்லியிருக்கிறார். சாதாரணக் குடும்பத்தின் தேவையை அறிந்த வியாபாரி அவர் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் கடைகள் பெருகிய வேகத்தில் கடனும் பெருகியது. கடன் சுமையைக் குறைக்க 2012-இல் பேண்டலூன்ஸையே ஆதித்ய பிர்லா குழுமத்துக்குக் கொடுத்தார். வளர்த்த பிள்ளையைக் கைமாற்றியது போன்ற முடிவு அது. அதற்குப் பிறகும் புதுக் கடைகளும் புதுக் கடன்களும் தொடர்ந்தன.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. விற்பனை நின்றது, வாடகையும் வட்டியும் நிற்கவில்லை. அந்த ஆகஸ்டில் தன் வணிகத்தை 24,713 கோடி ரூபாய்க்கு ரிலையன்ஸுக்கு விற்பதாக அறிவித்தார். 2019-இல் தங்களோடு செய்த ஒப்பந்தம் அதை அனுமதிக்கவில்லை என்று அமேசான் வழக்குத் தொடுத்தது. கடன் கொடுத்த வங்கிகளின் ஒப்புதலும் கிடைக்காததால், 2022 ஏப்ரலில் விற்பனை கைவிடப்பட்டது. ஜூலையில் ஃப்யூச்சர் ரீட்டெய்ல் திவால் நடவடிக்கைக்குள் போனது.

வட்டி மட்டுமே இதற்குக் காரணம் என்று சொன்னால் நியாயமாகாது. ஊரடங்கும் வழக்கும் சேர்ந்தே அடித்தன. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூட்டாளியின் முதல், நஷ்டம் வந்தால் நஷ்டத்தில் பங்கெடுக்கும். வட்டிக் கடன் அப்படியல்ல. கடை பூட்டிக் கிடந்தாலும் ஏறிக்கொண்டே இருக்கும். முதலாளி விழும்போது சரக்கு அனுப்பியவரும், கவுண்டரில் நின்ற ஊழியரும் சேர்ந்தே விழுகிறார்கள்.

அல்லாஹ் வியாபாரத்தை ஹலாலாக்கி, வட்டியை ஹராமாக்கியிருப்பதன் (2:275) நியாயம் இங்கே தெளிவாகிறது. நபி (ஸல்) அவர்கள் நுபுவ்வத்துக்கு முன்பு கதீஜா (ரலி) அவர்களின் முதலில்தான் வியாபாரம் செய்தார்கள். முதல் ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது. முளாரபா என்று நாம் ஓதுவது இதைத்தான். தொழுகையில் கடனை விட்டுப் பாதுகாப்புத் தேடிய நபி (ஸல்) அவர்கள், கடன்பட்டவர் பேசினால் பொய் சொல்லவும், வாக்களித்தால் மீறவும் நேர்கிறது என்று காரணமும் சொன்னார்கள்.

எனவே கடை வைக்க நினைக்கும் தம்பிகளே, சிறிதாகத் தொடங்குங்கள். உறவினரையும் நண்பரையும் கூட்டாளியாக்கி, இலாபப் பங்கை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். தவணைக்கு எடுத்த சரக்குக்குச் சொன்ன நாளில் பணம் கொடுங்கள்.

வசதியுள்ளவர்களுக்கும் கடமை உண்டு. வட்டி கூடாது என்று பயான் செய்வதோடு நம் வேலை முடியவில்லை. ஒவ்வொரு ஜமாஅத்திலும் வட்டியில்லாக் கடன் நிதி இருந்தால், இளைஞர் ஏன் கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்கப் போகிறார்? கொடுத்த கடனைத் திருப்ப முடியாமல் தவிப்பவருக்கு அவகாசம் கொடுக்கும்படியும், தள்ளுபடி செய்வது அதைவிடச் சிறந்தது என்றும் குர்ஆன் (2:280) கற்றுத் தருகிறது.

நம் பிள்ளைகளின் வியாபாரத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.