புதுநன்மைக்கு எத்தனை மார்க்?

வெள்ளிக்கிழமை இரவு நிகழ்ச்சியை முடித்துவிட்டு வெளியே வந்து கைப்பேசியைப் பார்த்தால், அக்காவிடமிருந்து ஒன்பது அழைப்புகள். சிலிம் ரிவரிலிருந்து ஒன்பது முறை கூப்பிட்டால் என் மனம் நேராக அம்மாவின் இரத்த அழுத்தத்துக்குத்தான் ஓடும். பதறிப்போய்த் திரும்ப அழைத்தேன்.

“சின்னவனுக்கு இந்த வருஷம் புதுநன்மை இல்லையாம்டி. டீச்சர் சொல்லிட்டாங்க.”

‘அவ்வளவுதானா’ என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நல்லவேளை, வெளியே வரவில்லை. கத்தோலிக்கக் குடும்பங்களில் புதுநன்மை என்பது என்னவென்று தெரியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. கைக்குழந்தையாக இருக்கும்போதே ஞானஸ்நானம் ஆகிவிடும். பிறகு விவரம் தெரிந்த வயதில், முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள்தான் புதுநன்மை. நம் ஊர்ப் பக்கம் பெரும்பாலும் 9 அல்லது 10 வயதில் நடக்கும். அதற்கு முன்னால் முதல் பாவசங்கீர்த்தனம். இரண்டுக்கும் தயார்படுத்த ஞாயிறுதோறும் மறைக்கல்வி வகுப்பு. வெள்ளைச் சட்டை, கையில் மெழுகுவர்த்தி, புகைப்படம், மண்டபத்தில் சாப்பாடு. எங்கள் அக்கா கடைசியில் உள்ளதிலிருந்து ஆரம்பித்திருந்தாள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. சட்டையும் தைத்தாகிவிட்டது.

காரணம் கேட்டேன். வகுப்புக்குப் பாதி நாள் போகவில்லையாம். ஞாயிறு காலையில் கணக்கு டியூஷன். டியூஷன் இல்லாத வாரம் பூப்பந்து. யூ.பி.எஸ்.ஆர். தேர்வையே எடுத்துவிட்டார்கள், டியூஷன் மட்டும் எங்கும் போகவில்லை.

“நீதான் பேசுறவளாச்சே, வந்து பேசு” என்றாள் அக்கா.

பேசுவதுதான் என் பிழைப்பு. ஊடகவியல் பட்டம் வாங்கியதும் அதற்குத்தான். சனிக்கிழமை இரயிலேறினேன். தஞ்சோங் மாலிம், பேராங், அப்புறம் சிலிம் ரிவர். வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் நெடுஞ்சாலையில் ஒரு பெயர்ப்பலகை, சரித்திரம் படித்தவர்களுக்கு 1942 ஜனவரி 7ஆம் தேதிச் சண்டை. எனக்கு இது மறைக்கல்வி டீச்சரைப் பார்த்துப் பயந்த ஊர். ஏனென்றால் சின்னவனை நிறுத்தி வைத்திருக்கும் அதே டீச்சர்தான் எனக்கும் பாடம் சொன்னவர்.

வெறுங்கையோடு போகவில்லை. இரயிலில் உட்கார்ந்து படித்து ஓர் ஆயுதம் தயார் செய்திருந்தேன். ஒரு காலத்தில் பல நாடுகளில் பிள்ளைகளை 12, 14 வயது வரைகூடக் காக்க வைத்துத்தான் புதுநன்மை கொடுத்தார்கள். முழுசாகப் படித்துப் புரிந்துகொண்ட பிறகுதான் என்பது அவர்கள் வாதம். 1910 ஆகஸ்டு 8ஆம் தேதி திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் ஓர் ஆணை வெளியிட்டு அதை மாற்றினார். விவரம் தெரியும் வயது, அதாவது ஏறக்குறைய 7 வயது போதும். எல்லாப் பாடமும் கரைத்துக் குடித்திருக்கத் தேவையில்லை. இது சாதாரண அப்பம் இல்லை என்று பிரித்தறிந்து, தன் வயதுக்கேற்ற பக்தியோடு வந்தால் சரி. ஒரு போப்பாண்டவரே என் பக்கம் இருக்கும்போது எனக்கென்ன பயம்!

டீச்சர் வீட்டு ஐந்தடியில் உட்கார்ந்து வண்ணக் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் வகுப்புக்கு. தலை முழுக்க வெள்ளை. முப்பது வருஷத்துக்கு மேலாகச் சம்பளம் இல்லாத வேலை இது. மறைக்கல்வி ஆசிரியர்கள் பெரும்பாலும் இப்படித்தான். வாரம் முழுக்க எங்கேயோ உழைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையை அடுத்தவர் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். 2021 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் இந்தப் பணியை ஒரு திருப்பணியாகவே அறிவித்தார். அதனால் டீச்சருக்குக் காகிதம் வெட்ட ஓர் ஆள் கூடுதலாகக் கிடைத்ததா என்றால், இல்லை. நான் ஒரு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டேன்.

“உங்க அக்கா அனுப்பினாளா?” என்றார். நான் மழுப்புவதற்குள் அவரே தொடங்கினார். “வராத நாளை எண்ணி நான் நிறுத்தலம்மா. போன வாரம் பாவசங்கீர்த்தனத்துக்கு ஒத்திகை பார்த்தேன். உன் அக்கா மகன் ஒரு வார்த்தை பிசகாம ஒப்பிச்சான். முடிச்சிட்டு என்னைக் கேட்கிறான், ‘டீச்சர், இதுக்கு எத்தனை மார்க்?’னு.”

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். ஆனால் எனக்குள் ஏதோ குத்தியது. நான் மட்டும் என்ன செய்தேன்? எனக்கு 9 வயதில் சொல்வதற்குப் பாவம் ஒன்றும் அகப்படாமல், பக்கத்து வீட்டுத் தோழியின் பட்டியலைக் கடன் வாங்கிக்கொண்டு போனேன். அதில் ‘கோள் சொன்னேன்’ என்று இருந்தது. கோள் என்றால் வானத்தில் சுற்றுவது என்றுதான் அப்போது எனக்குத் தெரியும். புதன், வெள்ளி, செவ்வாய் என்று சொன்னது எப்படிப் பாவமாகும் என்று வெகுநாள் யோசித்தேன்.

டீச்சர் விடவில்லை. “வீட்டுல யாரு செபம் சொல்வாங்கன்னு கேட்டேன். ‘பாட்டி சொல்வாங்க, எனக்குப் புரியாது’ன்னான்.”

இது வேறொரு கதை. அம்மாவுக்கு ஏழும் இன்னமும் ‘தேவதிரவிய அனுமானங்கள்’. டீச்சர் வகுப்பில் ‘அருட்சாதனங்கள்’ என்பார். சின்னவனுக்கு ‘சாக்ரமெண்ட்’. ஒரே வீட்டில், ஒரே மேசையில், ஒரே விஷயத்துக்கு மூன்று தலைமுறையும் மூன்று பெயர் வைத்திருக்கிறோம். நடுவில் நிற்கும் அக்காவும் நானும் மொழிபெயர்க்கக்கூட மெனக்கெடவில்லை.

சரி, ஆயுதத்தை எடுக்க வேண்டியதுதான் என்று 1910ஐ எடுத்தேன். டீச்சர் பொறுமையாகக் கேட்டார். கத்தரிக்கோல் நிற்கவில்லை.

“அடுத்த வரியையும் படிச்சியா?”

படிக்கவில்லை. பிள்ளையைச் சீக்கிரம் அனுப்புங்கள் என்று சொன்ன அதே ஆணை, அந்தப் பிள்ளை தயாராவதற்கு யார் பொறுப்பு என்பதையும் சொல்கிறது. முதலில் தகப்பன், தாய். அதன் பிறகுதான் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குரு, ஆசிரியர்கள், பங்குக் குரு எல்லாம். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்திலும் 914ஆம் எண்ணில் அதே வரிசைதான் என்றார் டீச்சர். “பெத்தவங்க முதல்ல. ஃபாதரே ரெண்டாவதுதான். என் பேரு அதுல இல்லவே இல்ல.”

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொன்னேன், இப்போதும் அதில் உறுதியாக இருக்கிறேன். பெரியவர்கள் செய்த தப்புக்குப் பிள்ளை ஏன் காத்திருக்க வேண்டும்? அவனோடு படிக்கிறவர்களெல்லாம் வெள்ளைச் சட்டையில் நடக்கும்போது அவன் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். அது அவனுக்கு என்ன பாடத்தைச் சொல்லிக் கொடுக்கும்?

டீச்சர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நான் ‘இல்ல’ன்னு சொல்லவே இல்லம்மா. முடிவு ஃபாதருடையது. ‘இந்த வருஷம் முடியுமான்னு தெரியல’ன்னுதான் சொன்னேன். உங்க அக்கா காதுல ‘இல்ல’ன்னு விழுந்திருக்கு” என்றார். “இன்னும் எட்டு ஞாயிறு இருக்கு. பெத்தவங்கள்ல ஒருத்தர் அவன் பக்கத்துல வந்து உட்காரட்டும். அப்புறம் நானே ஃபாதர்கிட்ட பேசுறேன்.”

காகிதத்தை அடுக்கி வைத்த பையில் அந்தக் கைமணியும் இருந்தது. நான் படித்த காலத்து அதே பித்தளை மணி. வகுப்பு தொடங்க அதைத்தான் ஆட்டுவார். அவர் பிறந்த தோட்டத்தில் சனிக்கிழமை சாயங்காலம் உபதேசியார் சைக்கிளில் வந்து லயத்து வாசலில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டுவாராம். பாதிரியார் மாதத்துக்கு ஒருமுறை வந்தாலே பெரிசு. செபமும் ஞானோபதேசமும் அந்த உபதேசியார் வாயால் வந்ததுதான்.

அந்தப் பழக்கம் தோட்டத்தில் பிறந்ததும் இல்லை. 1540களில் முத்துக்குளித்துறைக் கரையோரம் புனித சவேரியார் தெருத்தெருவாக மணியடித்துத்தான் பிள்ளைகளைச் சேர்த்தார். 1545இல் நம் மலாக்காவுக்கு வந்தபோதும் அதே மணிதான். மனிதருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் தெரிந்தவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செபங்களைத் தமிழில் ஆக்கி, தாமே மனப்பாடம் செய்து ஒப்பித்தவர். ‘விசுவசிக்கிறேன்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்று வந்திருக்கிறது. பின்னால் அவரே திருத்தச் சொல்லிக் கடிதம் எழுதினார். வகுப்பில் கற்றதை வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்குச் சொல்லிக் கொடுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புவாராம். அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் தமிழை முறையாகக் கற்றவர். 1578இல் கொல்லத்தில் அவர் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ வெறும் 16 பக்கம். தமிழ் எழுத்தில் அச்சேறிய நூல்களில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையது அதுதான். இலக்கணமும் இல்லை, காப்பியமும் இல்லை, ஞானோபதேசப் பாடம். அடுத்த வருஷம் கொச்சியில் வந்த ‘கிரீசித்தியானி வணக்கம்’ கேள்வி பதில் நடையில் இருக்கும். நாங்கள் ஒப்பித்த கேள்வி பதிலுக்கெல்லாம் அது பாட்டன்.

இரவுச் சாப்பாட்டின்போது விஷயத்தைச் சொன்னேன். அக்கா வெடித்தாள். “ஆறு நாள் வேலைக்குப் போறேன். ஏழாவது நாள்தான் துணி துவைக்கணும், மார்க்கெட் போகணும், வாரத்துக்குச் சமைச்சு வைக்கணும். இதுல நானும் போய் வகுப்புல உட்காரணுமா? அதுக்குத்தானே டீச்சர் இருக்காங்க!” அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு நான் அவளுக்குப் பாடம் எடுக்க முடியாது. கோயிலில் தேவார வகுப்புக்கு மகளை அனுப்பும் என் தோழியும் இதையேதான் சொல்வாள். வாசலில் இறக்கிவிட்டு, வகுப்பு முடியும்வரை காரிலேயே கைப்பேசியோடு உட்கார்ந்திருப்பாளாம். திருமுறைப் போட்டியில் மகளுக்குப் பரிசு கிடைத்த பதிகம் எதைப் பற்றியது என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது.

“நான் வேணா போய் உட்காரட்டுமா?” என்றார் அம்மா.

“வேணாம் அத்தை, நான் போறேன்” என்றார் அத்தான்.

எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டோம். அத்தான் கார் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர். அவருடைய பக்தி வருஷத்துக்கு ஒருமுறை, ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு வண்டி ஓட்டுவதோடு சரி. தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். “எனக்கு யாரும் சொல்லித் தரல. எங்க தோட்டத்தை மூடினப்போ எனக்கு எட்டு வயசு. ஊர் ஊரா மாறினோம். கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு வாரம் வகுப்பு வச்சு எல்லாத்தையும் ஒண்ணா கொடுத்தாங்க. கேட்டதுக்கெல்லாம் தலையாட்டினேன். இவன் ஏதாச்சும் கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியாமத்தான் ஞாயித்துக்கிழமையில டியூஷன் போட்டேன்.”

பதினான்கு வருஷம் கூடவே வாழ்ந்த அக்காவுக்கு இது புதுச் செய்தி என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. ஒன்றும் சொல்லாமல் அவர் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள்.

மறுநாள் காலை நானும் கூடப் போனேன். ஆறடி மனிதர், பிள்ளைகள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியில் முட்டி மார்பில் இடிக்க உட்கார்ந்திருந்தார். மற்றப் பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். சின்னவன் முதலில் வெட்கப்பட்டு நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டான். டீச்சர் மணியை ஆட்டினார். எல்லாரும் எழுந்து செபம் சொன்னார்கள். அத்தான் பாதியில் தொலைந்துபோய் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்.

சின்னவன் அதைக் கவனித்துவிட்டான். நாற்காலியை மறுபடி பக்கத்தில் இழுத்தான். அடுத்த செபத்துக்குத் தானே அடியெடுத்துக் கொடுத்தான். அப்பா பதற்றத்தில் வேகவேகமாகச் சொல்லப் போய் மறுபடியும் தடுமாறினார். அவன் காதோரம் குனிந்து, “மெதுவா சொல்லுங்கப்பா, இதுக்கு மார்க் இல்ல” என்றான்.

ஐந்தாவது ஞாயிறு முடிந்திருக்கிறது. இரண்டு வாரம் அத்தானுக்கு ஷிப்ட் மாறியதால் அக்கா போயிருக்கிறாள். ஃபாதர் இன்னும் முடிவு சொல்லவில்லை. மண்டபத்துக்குக் கட்டிய முன்பணத்தை அக்கா திருப்பிக் கேட்கவில்லை. நாட்காட்டியில் அந்தத் தேதியைப் பேனாவில் எழுதியிருந்தவள், அதன்மேல் வெள்ளை மை பூசிவிட்டுப் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறாள்.