ஓட்டக்காரனும் ஒரு பிடி சீனியும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் கல்லூரி மைதானத்தில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி நடைபெற்றுக்கொண்டிருந்தது. நீரிழிவு காரணமாக நாள்தோறும் இன்சுலின் ஏற்றிக்கொள்ளும் மாணவனொருவன், ஓடுவதற்கு முன் தன் காற்சட்டைப் பையிலிருந்து குளுக்கோசுப் பொட்டலம் ஒன்றை எடுத்தான். "தம்பி, சீனி வருத்தக்காரன் சீனி தின்பதா?" என்று கடிந்து அதனை வாங்கி வைத்துக்கொண்டேன். ஆசிரியர் சொல்லுக்கு மறுசொல் கூறாது அவன் ஓடினான். நான்காவது சுற்றில் அவன் கால்கள் தள்ளாடின; முகம் வெளிறியது; உடல் வியர்வையில் நனைந்து நடுங்கியது. "சேர், அதைத் தாங்கோ" என்று அவன் குழறிய குரல் இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது. குளுக்கோசை நீரிற் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் தெளிந்தான். மாணவன் அறிந்திருந்ததை ஆசிரியன் அறிந்திருக்கவில்லை. அவ்வறியாமையால் இன்னொரு பிள்ளை துன்புறலாகாது என்பதற்காகவே இதனை எழுதுகின்றேன்.

நாம் உண்ணும் சோறு, பாண், பிட்டு முதலியவற்றிலுள்ள காபோவைதரேற்று சமிபாடடைந்து, குளுக்கோசாகி இரத்தத்திற் கலக்கின்றது. ஓய்ந்திருக்கும்போது தசைகள் அதனை உள்வாங்குதற்கு இன்சுலினின் துணை வேண்டும். உழைக்கும் தசையோ இன்சுலினின் துணையின்றியும் குளுக்கோசை ஈர்க்கும் வல்லமை உடையது. நோயற்றவன் ஓடும்போது சதையி தன் இன்சுலின் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். ஈரல் தன் சேமிப்பிலிருந்து குளுக்கோசை வெளிவிடும். வரவும் செலவும் ஒத்து நிற்கும். ஆனால் ஊசியால் ஏற்றிய இன்சுலினை இடைநடுவிற் குறைத்தல் இயலாது. அது ஒருபுறமும் உழைக்கும் தசை மறுபுறமும் இழுக்க, இரத்தச் சீனி விரைந்து வீழ்கின்றது. தாமும் நீரிழிவாளராயிருந்த இலண்டன் வைத்தியர் ஆர். டி. லோறன்ஸ், உடற்பயிற்சி இன்சுலினின் செயலை மிகுவிப்பதை 1926ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார்.

நெடுந்தூரம் ஓடும்போது நோயற்றோருக்கும் இவ்வீழ்ச்சி நேர்வதுண்டு. 1924இல் அமெரிக்காவின் பொஸ்ரன் மரதன் ஓட்டத்தின் முடிவில் வீரர் சிலரின் இரத்தத்தைச் சோதித்த வைத்தியர்கள், மிகவும் சோர்ந்தோரிடம் சீனி தாழ்ந்திருக்கக் கண்டனர். அடுத்த ஆண்டு, ஓட்டத்துக்கு முதல்நாள் காபோவைதரேற்று மிக்க உணவும் ஓட்டத்தின் இடையே இனிப்பும் உண்ணச் செய்ய, அவ்வீழ்ச்சி தடுக்கப்பட்டது.

ஆகவே, இன்சுலின் ஏற்றுவோரும், இன்சுலின் சுரப்பைத் தூண்டும் குளிசைகளை உட்கொள்வோரும் பயிற்சிக்கு முன் இரத்தச் சீனியை அளந்து பார்த்தல் நன்று. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் அது 90 மில்லிகிராமுக்குக் குறைந்திருந்தால், 15 முதல் 30 கிராம் வரை காபோவைதரேற்று முற்கூட்டியே உண்ணல் வேண்டும்; ஒரு துண்டுப் பாணில் ஏறத்தாழ 15 கிராம் உண்டு. நெடுநேரம் ஓடுவோர் இடையிலும் சிறிது உண்ணல் வேண்டும். 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் பயிற்சியை நிறுத்தி, நான்கு தேக்கரண்டி சீனியை நீரிற் கரைத்து அருந்தி, 15 நிமிடத்தின் பின் மீண்டும் அளத்தல் வேண்டும். உணர்விழந்தவரின் வாயில் எதனையும் இடலாகாது. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். தசைகள் தாம் செலவழித்த சேமிப்பை மீள நிரப்புவதால், அன்றிரவு உறக்கத்திலும் சீனி வீழக்கூடும் என்பதை மறவாதீர்கள். மருந்தின் அளவை வைத்தியரைக் கேட்டே மாற்றுங்கள்.

இதனைப் படித்துவிட்டு எல்லோரும் சீனிப் போத்தலைத் தேட வேண்டியதில்லை. இம்மருந்துகளின்றி நோயைக் கட்டுப்படுத்தி வரும் பெரியவர், மாலையில் அரைமணி நேரம் உலாவிவிட்டுச் சீனி கூட்டிய தேநீரும் பணிசும் உண்டால், நடையாற் பெற்ற பயனை அப்போதே இழப்பார். அவருக்கு மேலதிக உணவு வேண்டியதில்லை. உண்டபின் சிறிது நடத்தல் உணவால் ஏறும் சீனியைத் தணிக்கும்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைக்கு இந்நோய் இருப்பின் மறையாது வகுப்பாசிரியருக்கும் விளையாட்டாசிரியருக்கும் அறிவியுங்கள். ஆசிரிய நண்பர்களே, அப்பிள்ளையின் பையிலுள்ள இனிப்பைப் பறியாதீர்கள். எங்கள் மைதானத்து முதலுதவிப் பெட்டியில் இப்போது பஞ்சுக்கும் கட்டுத்துணிக்கும் அருகே ஒரு சிறு போத்தலிற் சீனியும் இருக்கின்றது. அதனை அங்கு வைக்கக் கற்பித்தவன் அம்மாணவனே.