மீனுக்கும் பொருத்தம் பார்க்கணும்!

கூக்காலிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "குழந்தைகள் ஆசைப்பட்டார்கள் என்று இரண்டடி நீளத்தில் கண்ணாடித் தொட்டி வாங்கிவிட்டோம். மதுரைக்குப் போகும்போது மீன் வாங்க எண்ணம். எந்தெந்த மீன், எத்தனை வாங்கலாம்?"

மீன் வாங்கும் முன்பே கேட்டீர்களே, சபாஷ்! கடையில் கலர் கலராய் நீந்துவதைப் பார்த்ததும் "இதில் நாலு, அதில் நாலு" என்று வாங்கி வந்துவிடுகிறோம். ஒரு வாரத்தில் ஒவ்வொன்றாய் மிதக்கும், குழந்தை அழும். கல்யாணத்துக்குப் பார்க்கிற மாதிரி மீனுக்கும் மூன்று பொருத்தம் பார்த்துவிட்டால் இந்தச் சங்கடம் இல்லை.

முதலாவது, குளிர்ப் பொருத்தம். கப்பி, மோலி, ஏஞ்சல், ஃபைட்டர் எல்லாம் 24 முதல் 28 டிகிரி வெதுவெதுப்பில் சுகமாய் இருப்பவை. மதுரை வீட்டில் சும்மாவே வளரும். மார்கழி மாத மலைக் குளிரில் சுருண்டுவிடும். உங்களுக்கு ஏற்றது ஜீப்ரா மீன். கங்கை, பிரம்மபுத்திரா பக்கத்து ஓடைகளில் வாழும் நம் நாட்டு மீன்தான். 18 டிகிரி இருந்தாலே சமாளித்துக்கொள்ளும். ஆனாலும் உங்கள் ஊர்க் குளிருக்கு, தானாக நின்று எரியும் 100 வாட் ஹீட்டர் ஒன்று வேணும். 20 டிகிரியில் வைத்தால் போதும். கரண்ட் போனால் தொட்டியைக் கம்பளியால் சுற்றுங்கள். வெந்நீரை ஊற்றிவிடாதீர்கள், அம்மா!

இரண்டாவது, குணப் பொருத்தம். ஏஞ்சல் வளர்ந்ததும் பொடி மீனை விழுங்கும். டைகர் பார்ப் பிறர் வாலைக் கடிக்கும். ஆண் ஃபைட்டர் இரண்டு சேர்ந்தால் சண்டைதான். ஜீப்ரா கூட்டமாய் வாழும் மீன். ஆறாவது இருந்தால் ஒற்றுமையாய் ஓடி விளையாடும். ஒன்றிரண்டு மட்டும் விட்டால் ஒன்றையொன்று துரத்தும்.

மூன்றாவது, இடப் பொருத்தம். தவறு நடப்பது இங்கேதான். ஓர் அங்குல மீனுக்கு நாலு லிட்டர் தண்ணீர் என்பது பழைய கணக்கு. கடையில் இருக்கும் அளவைப் பார்க்காமல், வளர்ந்தபின் எவ்வளவு இருக்கும் என்று பாருங்கள். ஓரடி அகலமும் உயரமும் உள்ள உங்கள் தொட்டியில் மணல் போக 45 லிட்டர் நிற்கும். அதாவது பதினோரு அங்குலம். ஜீப்ரா இரண்டு அங்குலத்துக்குள் நிற்பதால் ஆறு மீனோடு தொட்டி நிறைந்தது! கோல்டு ஃபிஷ் குளிரைத் தாங்கும். ஆனால் ஆறு, எட்டு அங்குலம் வளரும், அசுத்தமும் அதிகம். 'டாங்க் கிளீனர்' என்று தருவார்களே, அது ஓரடிக்கு மேல் வளரும். இரண்டும் வேண்டாம். பின்னால் 110 லிட்டர் பிடிக்கிற மூன்றடித் தொட்டி வாங்கினால், ஜீப்ராவோடு ஐந்து ரோஸி பார்ப் சேர்க்கலாம். அதுவும் குளிர் தாங்கும்.

நெரிசல் ஏன் ஆகாது தெரியுமா? மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அதைக் கரைத்து மாற்றும் நல்ல கிருமிகள் மணலிலும் ஃபில்டரிலும் குடியேற ஒரு மாதம் ஆகும். குளிரில் இன்னும் தாமதமாகும். ஆகவே முதலில் மூன்று, ஒரு மாதம் கழித்து மூன்று என்று விடுங்கள். இரண்டு நிமிஷத்தில் தின்னுமளவுக்கு மட்டும் தீனி. வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் அலசாமல், எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீர் என்றால் ஒருநாள் திறந்து வைத்த பிறகே ஊற்றவேண்டும்.

மதுரையிலிருந்து வரும்போது பையைத் தெர்மோகோல் பெட்டிக்குள் வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் அரைமணி நேரம் பையோடு தொட்டியில் மிதக்கவிட்டு, பிறகு மீனை விடுங்கள்.

தவழும் குழந்தை இருக்கிறதா? தண்ணீர், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 60 கிலோ தாண்டும். ஆடாத மேஜையாகப் பாருங்கள். ஸ்விட்ச் கைக்கு எட்டக்கூடாது. தண்ணீருக்குள் கை விடும்முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. மீன் அலுத்துப்போனால் கூக்கால் ஏரியிலோ ஓடையிலோ விட்டுவிடாதீர்கள். பாவம் பார்த்து விடுகிற வெளியூர் மீன் அங்குள்ள மீனின் இரையைப் பறிக்கும், நோயையும் பரப்பும். கடையிலோ, வளர்க்கிற வீட்டிலோ கொடுத்துவிடுங்கள். ஆறே மீன் என்றாலும் நாலு வருஷம் ஆரோக்கியமாய் நீந்தினால், குழந்தைகளுக்கு அதைவிட வேறென்ன சந்தோஷம்?