யார் பையிலிருந்து தர்மம்?

தர்ம காரியத்துக்கென்று ஒருவர் மோட்டார் சைக்கிளைத் தானமாகக் கொடுக்கிறார். அதைக் குலுக்கலில் விடுவதா, ஏலத்தில் விடுவதா? எப்படி விட்டாலும் பணம் ஏழைகளுக்குத்தானே போகிறது என்கிறார்கள் சில நண்பர்கள். எங்கே போகிறது என்பது பாதிக் கணக்கு. எங்கிருந்து வருகிறது என்று நாம் கேட்கிறோம்.

ரோமாபுரி விஷயத்தைப் பாருங்கள். 2013இல் ஹார்லி-டேவிட்சன் கம்பெனி போப் பிரான்சிஸுக்கு ஒரு மோட்டார் சைக்கிளைக் கொடுத்தது. பெட்ரோல் டாங்கியில் அவர் கையெழுத்துப் போட்டார். ரயில் நிலையத்தருகே வீடற்றவர்களுக்காக நடக்கும் விடுதிக்கும் உணவுக்கூடத்துக்கும் பணம் சேர்க்க, 2014 பிப்ரவரியில் பாரிஸில் அதை ஏலம் விட்டார்கள். மதிப்பிட்ட விலை 12,000 முதல் 15,000 யூரோ. போனதோ 2,41,500 யூரோ! கையெழுத்துக்குப் பணக்காரர் கொடுத்த விலை அது. வீண் பெருமைதான், ஆனால் அந்தப் பெருமைக்கு அவரே பணம் கட்டினார். எந்தத் தொழிலாளி வீட்டு அடுப்பும் அணையவில்லை.

அதே போப் தமக்கு வந்த வேறு பரிசுகளைக் குலுக்கலிலும் விட்டார். சீட்டு 10 யூரோ, முதல் பரிசு பியட் கார். 2015 ஜனவரியில் குலுக்கினார்கள். மோட்டார் சைக்கிளையும் இப்படி விட்டிருந்தால், அதே தொகைக்கு 24,150 சீட்டு விற்றாக வேண்டும். ஒருவருக்கு வண்டி, 24,149 பேருக்கு வெறும் காகிதம்!

"எல்லா வண்டியிலும் போப்பின் கையெழுத்தா இருக்கிறது? சாதாரண வண்டி ஏலத்தில் சந்தை விலைக்கே போகாது. குலுக்கலில் இரண்டு மடங்கு வரும்" என்று வாதிடுகிறார்கள். வரும், மறுக்கவில்லை. அந்த இரண்டாவது மடங்கு யாருடையது? சம்பள நாளன்று மில் வாசலில் சீட்டு வாங்குகிறவனுடையது. லட்சாதிபதிக்கு மோட்டார் சைக்கிள் ஆசை இருந்தால் கடையில் வாங்கிக்கொள்வான். நூறு ரூபாய்ச் சீட்டுக்கு அவன் ஏன் வருகிறான்?

தமிழ் மக்களுக்கு இது புதிதல்ல. 1968இல் சென்னை சர்க்காரே பரிசுச் சீட்டு நடத்த ஆரம்பித்தது. நாட்டு நன்மைக்கு என்றுதான் அப்போதும் சொன்னார்கள். 2003இல் லாட்டரி விற்பனையையே தடை செய்ய வேண்டி வந்தது. இடையில் எத்தனை கூலிக்காரர் வீட்டு அண்டா குண்டா அடகுக் கடைக்குப் போயிற்று!

ஏலத்திலும் சூது உண்டு. நாலு வியாபாரிகள் முன்கூட்டியே பேசிவைத்து விலையை அமுக்குவார்கள். ஆகவே குறைந்தபட்ச விலையை முதலிலேயே அறிவித்து, பட்டப்பகலில், பலர் பார்க்க ஏலம் விடட்டும். எடுத்தவருக்கு வண்டி போதும், கல்வெட்டு வேண்டாம். உழைப்பாளியிடமும் வசூலிக்க வேண்டுமா? உண்டியலை நீட்டி, காரியத்தைச் சொல்லிக் கேளுங்கள். ஆசை காட்டாமலே கொடுப்பான். வரவு செலவை மட்டும் எல்லோரும் படிக்கும்படி ஒட்டிவையுங்கள்.