மேல்முறையீட்டு உரிமையைத் தீர்மானிக்கும் 30 நாள்கள்

அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் உரிமையியல் வழக்கில் தோல்வியுற்றவர் மேல்முறையீட்டைத் தொடங்குவது எளிது. மேல்முறையீடு செய்பவர் யார், எந்தத் தீர்ப்பை எதிர்க்கிறார், எந்த நீதிமன்றத்தை நாடுகிறார் என்ற மூன்று விவரங்கள் அடங்கிய அறிவிப்பே போதுமானது. அதனைத் தீர்ப்பளித்த மாவட்ட நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்ய வேண்டும். கட்டணம் 605 டாலர். செலுத்த இயலாதோர் விலக்குக் கோரலாம்.

ஆனால் காலக்கெடு கடுமையானது. தீர்ப்பு பதிவான நாளிலிருந்து 30 நாள்களுக்குள் அறிவிப்பு தாக்கலாக வேண்டும்; அமெரிக்க அரசு ஒரு தரப்பாக இருந்தால் 60 நாள்கள். கெடு முடிந்த அடுத்த 30 நாள்களுக்குள் தகுந்த காரணம் காட்டி நீட்டிப்புக் கோரலாம். தீர்ப்பு குறித்த தகவல் உரிய காலத்தில் கிடைக்காதவருக்கு, 14 நாள் புதிய வாய்ப்பை நீதிமன்றம் அளிக்கலாம்.

இந்த 14 நாள்களே 2007-இல் உச்ச நீதிமன்றத்தில் சர்ச்சைக்குள்ளாயின. ஆட்கொணர்வு மனு தள்ளுபடியான ஓஹியோ மாநிலக் கைதி ஒருவருக்கு, மாவட்ட நீதிபதி தவறுதலாக 17 நாள்கள், அதாவது 2004 பிப்ரவரி 27 வரை அவகாசம் வழங்கினார். கைதியின் தரப்பு 26-ஆம் தேதி அறிவிப்பைத் தாக்கல் செய்தது. சட்டப்படியான கெடுவோ 24-ஆம் தேதியே முடிந்திருந்தது. நாடாளுமன்றம் சட்டத்தில் வகுத்த கெடுவைத் தளர்த்த நீதிமன்றங்களுக்கு அதிகாரமில்லை என 5-4 பெரும்பான்மையில் தீர்ப்பளிக்கப்பட்டது. நீதிபதியின் உத்தரவை நம்பியவரைத் தண்டிப்பது முறையல்ல என்று மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி டேவிட் சூட்டர் சாடினார்.

கடந்த 2025 ஜூனில் இவ்விதியின் கடுமை சற்றே தணிந்தது. வேறிடத்திற்கு மாற்றப்பட்டதால் தீர்ப்பின் நகலைச் சுமார் மூன்று மாதம் தாமதமாகப் பெற்ற கைதி ஒருவர், உடனே மேல்முறையீட்டு அறிவிப்பை அனுப்பினார். அதன் பின்னரே புதிய அவகாசம் வழங்கப்பட்டது. அதற்குள் இரண்டாவது அறிவிப்பு தராததால் அவரது முறையீடு நிராகரிக்கப்பட்டது. முன்கூட்டியே வந்த அறிவிப்பே போதுமானது என உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இந்தியாவில் 1963-ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, போதிய காரணமிருப்பின் தாமதத்தை மன்னிக்க நீதிமன்றங்களுக்கு அதிகாரமளிக்கிறது. இதனால் வழக்குகள் நீள்கின்றன என்ற விமர்சனம் உண்டு. வென்றவருக்கும் வழக்கு முடிந்தது என்ற உறுதி தேவையே. எனினும், நீதிமன்றத்தின் பிழைக்கு மனுதாரர் விலை கொடுக்கும் நிலையை அந்த வாதம் நியாயப்படுத்தாது. அதை மாற்றும் அதிகாரம் இப்போது அமெரிக்க நாடாளுமன்றத்திடமே உள்ளது. அதுவரை, நீதிபதியே நாள் குறித்தாலும், சட்டப் புத்தகத்தைப் பார்த்து நாள்களை எண்ணும் பொறுப்பு மனுதாரரையே சாரும்.