ஆறு மாதக் கெடு யாருக்காக?

சாலை விபத்தில் காயமடைந்தவர், குடியிருக்கும் பகுதிக்கான தீர்ப்பாயத்திலேயே இழப்பீட்டு மனு போடலாம். பலருக்கு இது தெரியாது. இந்த மனுவுக்கு 1994இல் நீக்கப்பட்ட காலவரம்பை, 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் ஆறு மாதமாகத் திரும்பக் கொண்டுவந்தது. அது 2022 ஏப்ரலில் அமலானது. முறிந்த எலும்பு சேரவே மாதக்கணக்கில் ஆகும்போது முதல் தகவல் அறிக்கை, காயச் சான்று, மருத்துவ ரசீது என்று அலைவது யார்? வருமானச் சான்றுக்குச் சித்தாள் எங்கே போவார்?

காவல் துறை 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும், 90 நாளில் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்குத் தர வேண்டும் என்கிறது விதி. காவல் துறை அனுப்பும் விபத்து அறிக்கையையே மனுவாகக் கருதச் சட்டம் இடம் தருகிறது. ஏட்டில் உள்ள இந்த வழியை ஒவ்வொரு காவல் நிலையமும் நடைமுறைப்படுத்தட்டும். நாடாளுமன்றம் ஆறு மாதக் கெடுவை நீக்கட்டும்.