வில்லங்கம் இல்லாத வில்லங்கம்

நாலு போர்ஷன் வீடு ஒன்று வாங்கிப் போட்டு, மாசம் முதல் தேதி வாடகையை எண்ணியே காலம் தள்ளிவிடலாம் என்பது ஆபீஸ் போகிற ஆண்குலத்தின் ஆதி கனவு. சினிமா ஹீரோயினெல்லாம் அதற்கப்புறம்தான்!

என் பக்கத்து சீட் நண்பருக்கும் இந்த வியாதி. கண்ணமங்கலத்தில் ஒரு வீடு பார்த்திருக்கிறார். கீழே இரண்டு, மேலே இரண்டு போர்ஷன். பின்பக்க ஷெட்டில் பட்டுத் தறி. பி.எஃப். பணம், மனைவியின் நகை எல்லாம் கூட்டிக் கணக்கும் போட்டாயிற்று.

"முப்பது வருஷத்துக்கு ஈ.சி. பார்த்துட்டேன் சார். வில்லங்கமே இல்லை!"

"எந்த ஸோன்?" என்றேன்.

"கிரிக்கெட்டா சார்? சவுத் ஸோன்!"

ஈ.சி. என்ன சொல்லும்? சொத்து யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது, அடமானம் உண்டா... அவ்வளவுதான். அங்கே என்ன கட்டலாம் என்று சொல்லாது. அதற்கு 1971-ம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டம் இருக்கிறது. மாஸ்டர் பிளான் போட்ட ஊரில் ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் ஜாதகம் உண்டு: குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம். பிளான் போடாத ஊரிலும் விவசாய நிலத்தில் வீட்டுமனை போட நில உபயோக மாற்றத்துக்கு அனுமதி வேண்டும்.

சும்மா பூச்சாண்டி காட்டவில்லை. 2016 செப்டம்பர் 9-ல் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. கையில் பத்திரம் இருந்தும் பலரால் விற்க முடியவில்லை. 2017-ல் வரன்முறை விதிகள் வந்து, கட்டணம் கட்டிய பிறகுதான் பழைய மனைகளுக்கு வழி பிறந்தது.

ஆகவே, அட்வான்ஸ் கொடுக்குமுன் மூன்று காரியம்.

ஒன்று: சர்வே நம்பரோடு பேரூராட்சிக்கும், மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் போய் நில உபயோகம் என்னவென்று கேளுங்கள்.

இரண்டு: அனுமதி வாங்கிய பிளானைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். நண்பர் சுற்றினார். பிளானில் ஒரே சமையலறை, மாடியே இல்லை! கடன் கொடுக்கும் பாங்க்கும் இதைத்தான் பார்க்கும்.

மூன்று: தறி. ஆரணிப் பக்கம் இது முக்கியம். கைத்தறியைப் பற்றிக் கவலையில்லை. பவர்லூம் என்றால் விசாரியுங்கள். குடியிருப்புப் பகுதியில் மோட்டாரின் குதிரைசக்திக்கே வரம்பு உண்டு.

"இங்கே எல்லாரும் இப்படித்தான் சார் கட்டியிருக்காங்க" என்பார் வீட்டுக்காரர். இருக்கலாம். ஆனால் நாளைக்கு நோட்டீஸ் வந்தால் அதில் 'எல்லாரும்' என்று இருக்காது. உங்கள் பெயர்தான் இருக்கும்!